அமலி அக்காவைப் போலியாக்கிய அரை விநாடி

1

என் அக்கா ஒரு போலி என்று போன மாதம் ஒரு பட்டுப்புடவை எனக்குச் சொன்னது.

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஒரு முப்பது இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவோம். அன்றைக்கு டாக்டர் வித்யா அரக்குச் சிவப்பில் புதுப்புடவை கட்டி வந்திருந்தார். விடுமுறைக்குப் போனபோது காஞ்சிபுரத்தில் எடுத்ததாம். முந்தானையின் உள்பக்கம் தைத்திருந்த சின்ன வெள்ளைச் சீட்டைப் பார்த்ததும் என் மகள் ஜெனி குதித்தாள். "ஆன்ட்டி, இது எங்கம்மா கம்பெனி செஞ்சது! ஸ்கேன் பண்ணா யார் நெய்ததுன்னு வரும்!"

பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அம்மாவின் வேலையைப் பற்றிப் பெருமை வருவது எவ்வளவு அபூர்வம் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். கையிலிருந்த சாம்பார் வாளியை வைத்துவிட்டு நின்று ரசித்தேன். திரை பச்சையாக வரவேண்டும். சிவப்பாக வந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற எழுத்தைக் கூட்டிக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி ஜெனி வாசித்தாள். "போ... லி. பதிந்தவர்... அமலோற்பவம். ஐயம்பேட்டை."

டாக்டர் வித்யாவின் முகம் செத்துப்போயிற்று. "காஞ்சிபுரத்துலயே இப்படி ஏமாத்த ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். யாரோ சிரிக்கவும் சிரித்தார்கள். ஜெனி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். "அம்மா, இது நம்ம அமலி பெரியம்மாவா?"

ஆமாம். ஒரே வயிற்றில் பிறந்த என் அக்கா. அந்தச் சீட்டு எந்த பிளாக்செயினில் ஓடவேண்டும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவள் நான். அக்கா பேரும் என் வேலையும் ஒரே திரையில் வந்து நின்றன.

2

ஊரில் இருப்பவர்களுக்கு ஐயம்பேட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்குகிற தூரம், தெருவெல்லாம் தறிச் சத்தம். எங்கள் வீட்டில் தறி கிடையாது. அப்பா தென்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். ஐயம்பேட்டைக்கு வந்த பிறகு நூல் மூட்டை தூக்கினார். தறிவீட்டு வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போவார். வாசலோடு சரி. உள்ளே வா என்று யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று நான் எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

அந்த வாசலைத் தாண்டியவள் அமலி அக்கா. நெய்து அறுத்த புடவையின் முந்தானையில் தொங்கும் நூலைப் பிரித்து, முறுக்கி, முடிந்து குஞ்சம் கட்டுவாள். முதலில் புடவையை வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு உள்ளே உட்கார்ந்து கட்டச் சொன்னார்கள். பிறகு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இதற்கு இருபது வருடம் ஆயிற்று. இப்போது பதினோரு தறிவீட்டுக்கும் அவள்தான் குஞ்சம் கட்டுகிறாள்.

குஞ்சத்தோடு இன்னொரு வேலையும் அவளிடம் வந்து சேர்ந்தது. தறிக்காரர் தறிக்குக் கீழே தோண்டிய குழிக்குள் இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்திருப்பார். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்யும்போது பாதி வரிசையில் எழுந்தால் துணியில் கோடு விழுந்துவிடும். கையில் இழை, காலில் மிதி, காதில் சத்தம், எங்கே போய் போனை எடுப்பது? ஆகவே அந்தத் தெருவில் கேஸ் சிலிண்டருக்கோ, ரேஷனுக்கோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ யார் நம்பர் கேட்டாலும் அமலி நம்பரைக் கொடுப்பார்கள். அவள் கை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய வேலையில் இருக்கிறது. ஓ.டி.பி. வந்தால் வாசலில் இருந்தபடியே கத்திச் சொல்லிவிடுவாள். என் அப்பாவை வாசலில் நிறுத்திய தெரு, தன் ரகசிய எண்களை எல்லாம் அவர் மகளிடம் கொடுத்து வைத்திருந்தது. இதை நினைத்து நான் பலமுறை கர்வப்பட்டிருக்கிறேன்.

3

இனி என் பாவத்தைச் சொல்கிறேன்.

காஞ்சிபுரம் பட்டு என்ற பேரில் மெஷின் புடவை விற்கிறார்கள் என்று இங்கே ஒரு நிறுவனம் கண்டுபிடித்தது. நாம் கண்டுபிடித்து எத்தனையோ வருடமாகிறது, அது வேறு விஷயம். ஒவ்வொரு புடவைக்கும் ஒரு சீட்டு, சீட்டை ஸ்கேன் செய்தால் நெய்தவர் பேர், அந்தப் பேர் பிளாக்செயினில். அதாவது ஒரே நோட்டுப் புத்தகத்தின் நகலைப் பல கணினிகள் வைத்திருக்கும். ஒன்றில் எழுதினால் எல்லாவற்றிலும் விழும். விழுந்ததை யாரும் அழிக்க முடியாது. இந்த நிறுவனத்தில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. ஊர்க்காரி ஆயிற்றே என்று, எந்த நெட்வொர்க்கில் இதை வைக்கலாம் என ஒப்பிட்டு எழுதும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள்.

போட்டியில் இரண்டு இருந்தன. வரைபடத்தில் ஒன்றுக்குச் சிவப்புக் கோடு, இன்னொன்றுக்கு நீலக் கோடு போட்டேன். அதனால் ஆபீஸில் அவற்றுக்குச் சிவப்பு, நீலம் என்றே பேர் நிலைத்துவிட்டது.

சிவப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய கணினிகள் மட்டும்தான் முறை வைத்து எழுதும். ஒருவரை ஒருவர் கேட்டு முடிவெடுக்க நேரமே ஆகாது. பதிவு போட்டால் அரை விநாடியில் ஏறிவிடும். ஏறியது ஏறியதுதான். நீலத்தில் உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான கணினிகள். அதில் ஒரு பதிவு போட்டால் உடனே உறுதியாகாது. ஒரு வாரம் தொங்கும். அந்த ஒரு வாரத்தில் இது தப்பு என்று யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கலாம். தூக்கினால் நிறுத்திவைத்து விசாரிக்கும். யாரும் தூக்காவிட்டால்தான் கல்வெட்டு.

சோதனைக்காக ஒரு பொய்ப் பேரில் ஆயிரம் புடவையைச் சிவப்பில் நானே பதிந்து பார்த்தேன். சரசரவென்று ஏறின. கைதட்டாத குறை. நீலத்தின் ஒரு வாரக் காத்திருப்பை 'குறைகள்' என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். "பரிந்துரை: சிவப்பு" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் தொடங்கி, ஐந்து மணி ரயிலைப் பிடிப்பதற்குள் அனுப்பியும் விட்டேன்.

பதினைந்து நாள் உட்கார்ந்து நெய்கிற புடவைக்கு அரை விநாடியில் பதிவு எதற்கு? என்ன தலைபோகிற அவசரம்? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. ஆபீஸில் ஒருவரும் கேட்கவில்லை. குழித்தறியைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் அங்கே நான் ஒருத்திதான். நானே கேட்கவில்லை என்பதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

4

அடுத்த சனிக்கிழமை காலை அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். மடியில் புடவை இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் அவளை அந்த நேரத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"ஏன்க்கா சும்மா உக்காந்திருக்க?"

"வேல வர்ல. கடைக்காரங்க யாரும் குஞ்சத்துக்குக் குடுக்கறதில்ல. போலி அமலின்னு பேரு வெச்சிட்டாங்க, தெரியுமா உனுக்கு? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சிருக்குது."

"எத்தனை நாளா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். சொன்னா நீ அங்கருந்து இன்னா பண்ணப் போற? அழுவ. நான் உன்னையும் சமாதானம் பண்ணணும்."

பக்கத்துத் தறிவீட்டு ஏகாம்பரம் அண்ணன் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். நெசவாளர் சங்கத்தில் பேர்போன கை. டாக்டர் வித்யாவின் அரக்குச் சிவப்பு தான் நெய்ததாகத்தான் இருக்கும் என்று நிறத்தைச் சொன்னதுமே சொல்லிவிட்டார்.

"பாருமா, டேப்லெட்டு எடுத்துக்கினு ரெண்டு பசங்க வந்தானுங்க. போன் நம்பரு குடு, ஓ.டி.பி. வரும், சொல்லுன்னானுங்க. அது முப்பது செகண்டுதான் நிக்கிதாம். குழிலருந்து கால எடுத்து, லுங்கிய இறுக்கிக்கினு, போன் எங்கன்னு தேடறதுக்குள்ள அது பூடுது. ரெண்டு தபா பூட்ச்சி. அப்பால அமலி நம்பரையே போட்டுக்கப்பான்னுட்டோம். எல்லா வூட்லயும் அதான். தப்பா அது?"

தப்பில்லை. எங்கள் திட்டத்தில் நம்பர்தான் ஆள். பதினோரு தறியின் புடவைகள் ஒரே ஆளின் பேரில் ஏறின. ஒரு மாதத்தில் ஒரு மனுஷி இத்தனை புடவை நெய்ய முடியாது என்ற கணக்கையும் என் சோதனைக்குப் பிற்பாடு உள்ளே சேர்த்திருந்தார்கள். அளவு தாண்டியதும் யாரையும் கேட்காமல், ஒரு போன் கூடப் போடாமல், அரை விநாடியில் அந்தப் பேர்மேல் போலி என்ற முத்திரை விழுந்தது. எல்லாப் புடவையின் திரையும் சிவப்பாயிற்று. தறி பக்கமே உட்காராத என் அக்கா, ஐயம்பேட்டையின் பெரிய திருட்டு நெசவாளி ஆனாள். அடக் கடவுளே!

"இதெல்லாம் எவன்டி பண்ணது? கவர்மென்ட்டா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு கம்பெனி," என்றேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல வாய் வரவில்லை.

5

இங்கே வந்து பதினான்கு வருடமாகிறது. வந்த புதிதில் எனக்கு ஜெர்மனியில் பிடிக்காதது குளிர் கூட இல்லை, கடிதம்தான். எல்லாவற்றுக்கும் கடிதம் வரும். தபால்காரரின் மஞ்சள் வண்டியில் வரும், மூன்று பக்கம் இருக்கும், ஒரு வரி புரியாது. பதில் போட்டால் ஆறு வாரம் கழித்து அதற்கொரு பதில். அக்காவிடம் போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். "உங்க ஊரு நம்ம தாலுகா ஆபீஸ விட மோசமா இருக்குதே!" என்பாள்.

ஜெனி கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் எங்களோடு வசிக்கவில்லை என்று ஒரு அலுவலகம் முடிவு செய்து கடிதம் போட்டது. பிள்ளை என் இடுப்பில் இருக்கிறது, கடிதம் என் கையில் இருக்கிறது! கடிதத்தின் கடைசிப் பத்தியில் மட்டும் வழக்கம்போல ஒன்று இருந்தது. இந்த முடிவுக்கு ஒரு மாதத்துக்குள் நீங்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் எழுதினேன். "என் மகளை நான் ஆட்சேபிக்கிறேன்" என்ற மாதிரி எழுதித் தொலைத்திருக்கிறேன் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவர்கள் அதையும் புரிந்துகொண்டார்கள். முடிவை நிறுத்திவைத்தார்கள், ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் வந்தது. நாலு மாதம் ஆயிற்று. ஆனால் தப்பு போய்விட்டது. தடயமே இல்லை.

இந்த ஊரில் குப்பைத்தொட்டியை மாற்றி வைத்ததற்கு வரும் கடிதத்தில்கூட அந்தக் கடைசிப் பத்தி இருக்கிறது. இந்த ஊரிலேயே உட்கார்ந்து எங்கள் தெருவுக்கு ஒன்றைச் செய்தவர்களுக்கு அந்தப் பத்தி ஞாபகம் வரவில்லை. தங்களுக்கு ஒரு மாதம், எங்களுக்கு அரை விநாடி. நீலத்தில் இருந்த ஒரு வாரம் அதே பத்திதான். அதைக் குறை என்று எழுதியது யார்? அந்தப் பத்தியால் தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்ட நான்தான்.

6

திங்கட்கிழமை என் மேலாளர் ஸ்டெஃபான் முன்னால் போய் உட்கார்ந்தேன். நல்ல பையன். மூன்று நாள் காஞ்சிபுரம் போய் வந்தவன், தறியோடு எடுத்த படத்தை மேஜையில் வைத்திருக்கிறான். நான் சொன்னதை எல்லாம் கேட்டான். உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

"அழித்துவிடு," என்றேன்.

"முடியாது. அழிக்க முடியாது என்பதுதானே நாம் விற்கும் பொருள்?"

"அப்படியானால் எல்லாவற்றையும் நீலத்துக்கு மாற்று."

அவன் கணினியைத் திருப்பி என் அறிக்கையை எனக்கே காட்டினான். குறைகள் என்ற தலைப்பு. அதற்குக் கீழே என் வாக்கியம். அதற்கும் கீழே என் கையெழுத்து. "நீலம் மிக மெதுவானது என்று நீதானே எழுதினாய்?" கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

கடைசியில் இரண்டு வழி சொன்னான். ஒன்று, அக்காவுக்குப் புது நம்பரில் புதுக் கணக்கு தருவது. பழைய கணக்கைச் சும்மா கிடக்க விட்டுவிடலாம். என் கம்பெனி என்பதை மட்டும் மறைத்து அதை அக்காவிடம் சொன்னேன். எரிந்து விழுந்தாள். "எனுக்கு எதுக்குடி புதுக் கணக்கு? அப்ப பழைய அமலி திருடிதான்னு நானே ஒத்துக்கினு ஓடறதா? அந்தப் பேர வெச்சித்தான் அந்த வூட்டு வாசப்படி ஏறுனேன். அத வுட்டுட்டு நான் எங்கியும் வர்ல."

இன்னொன்று, பதிவுக்குக் கீழே திருத்தம் என்று புதிதாக ஒரு வரி சேர்ப்பது. அதற்கே நான் மூன்று வாரம் சண்டை போட்டேன். வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்றார்கள், படிவம் வேண்டும் என்றார்கள். அங்கே ஏகாம்பரம் அண்ணன் பதினோரு வீட்டையும் கூட்டினார். ஒவ்வொருவரும் தறியை நிறுத்திவிட்டு, இந்தப் புடவை நான் நெய்தது, அமலி எங்களுக்காக ஓ.டி.பி. சொன்னவள், அவள்மேல் தப்பில்லை என்று கேமரா முன்னால் சொன்னார்கள். எல்லோரும் எழுந்து நின்று சொன்னார்கள். என் அப்பாவை நினைத்துக்கொண்டு, அதைப் பார்த்து ரயிலிலேயே அழுதேன்.

திருத்தம் ஏறியது. அதுவும் அரை விநாடியில்.

7

போன சனிக்கிழமை வீடியோவில், ஒரு புடவைச் சீட்டை ஸ்கேன் பண்ணிப் பார் என்று அக்காவிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஜெனியும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அக்கா ஏகாம்பரம் அண்ணனின் போனைச் சீட்டின்மேல் பிடித்தாள். பார்த்தாள். முகம் மாறவில்லை.

"செவப்பாதான் வருது."

"கீழே தள்ளுக்கா. விரலால கீழே தள்ளிப் பாரு. திருத்தம்னு இருக்கும்."

தள்ளினாள். வாசித்தாள். வாய்க்குள் ஒவ்வொரு பேராகச் சொன்னாள். பதினோரு பேர்.

"நல்லாதான் எழுதிக்கிறாங்க. ஆனா மேல போலின்னு அப்படியே இருக்குதே. கடையில பொடவ வாங்க வர்றவங்க யாரு கீழ தள்ளிப் பாப்பாங்க?"

மேலே இருப்பதை அழிக்க முடியாது, நெட்வொர்க்கின் அமைப்பே அப்படி, அதில் எழுதுபவர்கள் சிலர்தான், அவர்களை நம்மால் அசைக்க முடியாது என்று என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தேன். ஸ்டெஃபானைத் திட்டினேன். கம்பெனியைத் திட்டினேன். டேப்லெட்டோடு வந்த பையன்களைக்கூட விடவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அழிக்கிற மாதிரி வேற ஒண்ணு இல்லியா ஒலகத்துல?"

"இருந்தது. ஒரு வாரம் நிறுத்திவைக்கிற மாதிரி ஒண்ணு இருந்தது. அதை வேணாம்னுட்டாங்க."

"எவன் வேணாம்னது?"

ஜெனி என் முகத்தைப் பார்த்தாள். இந்த ஒரு கேள்விக்கு நான் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

"நான்தான்க்கா. அது எங்க கம்பெனி. ரெண்டையும் பாத்து எது நல்லதுன்னு எழுதிக் குடுத்தது நான். வேகமா இருக்கறதுதான் நல்லதுன்னு எழுதிட்டேன்."

அக்கா போனைக் கீழே வைக்கவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை.

"எத்தினி நாள் பாத்து எழுதுன?"

"ஒரு மத்தியானம்."

"ஒரு மத்தியானமா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "இத்தினி நேரம் எல்லார் மேலயும் கோவப்பட்டியே. ஒரு பொடவைக்குக் குஞ்சம் கட்டவே எனுக்கு ஒரு நாள் பூரா ஆவுதுடி."